கரண்டுச் சூடு

முதலில் அரித்தது உள்ளங்கை. அறுபத்து மூன்றாம் நாள் காலை.

நாள் என்று நான் சொல்வது காலண்டர் தேதி இல்லை. என் தம்பியின் அணுக்களை என் உடம்பில் ஏற்றிய நாளை மருத்துவமனையில் பூஜ்யம் என்று வைத்தார்கள். அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவார்கள். நூறைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

"ரெண்டு கையும் அரிக்குதா? அப்ப பணம் கொட்டப்போகுது," என்றார் என் கணவர் முத்துராஜ். உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இதே பாதையில் வந்துகொண்டிருக்கிற யாரோ ஒருவருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் நோயாளியாக இருக்கலாம். பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம். தைரியமாக இருங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் ஊரிலேயே நிறையப் பேர் இருப்பார்கள். நான் சொல்ல வருவது ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லை நம்பி நான் பதினோரு நாளைத் தொலைத்தேன்.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. கம்பத்துக்குப் பக்கத்து ஊர். அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கணவர் கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டத்தில் மேற்பார்வையாளர். இருபது வருடமாகக் கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்.

நோய் தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. வகுப்பில் பெஞ்சு இடித்த முழங்காலில் நீலம் கட்டியது. மூன்று வாரம் ஆகியும் போகவில்லை. பிறகு இடிக்காத இடத்திலும் நீலம் வந்தது. தேனியில் ரத்தம் எடுத்தார்கள், மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் லுக்கேமியா (எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்று) என்று எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சைக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே கணவருக்குப் பாஷை தெரியும் என்பது ஒரு பெரிய தைரியமாக இருந்தது. இந்தத் தைரியத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐந்து மாத மருந்தில் நோய் அடங்கியது. ஆனால் திரும்பி வரக்கூடிய வகை என்றார்கள். அதற்கு ஒரே வழி, என் மஜ்ஜையை முழுவதும் அழித்துவிட்டு வேறொருவரின் ஸ்டெம் செல்லை (எல்லா ரத்த அணுக்களும் பிறக்கிற மூல அணுவை) ஏற்றுவது. உடன்பிறந்தவன் ஒருவன்தான். தங்கப்பாண்டி, என்னைவிட ஐந்து வயது சிறியவன், சுருளிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். சோதித்துப் பார்த்ததில் முழுப் பொருத்தம். "சின்ன வயசுல ஒரு முட்டாயக்கூடப் பங்கு வைக்க மாட்டான், இப்ப ரத்தத்தையே குடுக்குறான் பாரு," என்று நானே எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மஜ்ஜையை அழிப்பதற்கு முழுவுடல் கதிர்வீச்சு. மூன்று நாள், காலையும் மாலையும். ஒரு பெட்டிக்குள் படுக்கவைத்து, கால்களுக்கு இடையிலும் கழுத்தைச் சுற்றியும் அரிசிப் பைகளை அடுக்கினார்கள். கதிர் உடம்பு முழுவதும் ஒரே அளவில் இறங்குவதற்கு அந்த இடைவெளிகளை நிரப்ப வேண்டுமாம். இத்தனை கோடி ரூபாய் எந்திரத்துக்கு நடுவில் ரேஷன் அரிசி போலக் கிடந்த அந்தப் பைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு போகம் நெல் விளைகிற ஊரிலிருந்து வந்து, அரிசிக்கு நடுவில் அசையாமல் படுத்திருந்தேன்.

எங்கள் ஊரில் யாரும் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "கரண்டு வச்சாகளாமே, ஷாக்கடிச்சுச்சா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். அது மின்சாரம் இல்லை, எக்ஸ் கதிர் மாதிரி ஒன்று, உடம்பில் தங்காது, என்னைத் தொட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்தேன். பத்துப் பேர் வரைக்கும் பொறுமை இருந்தது. அதற்குப் பிறகு தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். என் தோல்வி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பூஜ்யமாம் நாளில் ஒரு சிவப்புப் பை. சாதாரண ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருந்தது. பாண்டிக்கு ஐந்து நாள் ஊசி போட்டு, அவன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது. ஊசியில் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று பக்கத்து அறையில் அனத்திக்கொண்டிருந்தான். பதினாறாம் நாள் அவன் அணுக்கள் எனக்குள் முளைத்துவிட்டன என்றார்கள். நூறு நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொன்னார்கள். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி ஐம்பத்தெட்டாம் நாள் ஊருக்கு வந்துவிட்டோம்.

மறுபடி உள்ளங்கைக்கு வருகிறேன்.

மாலைக்குள் உள்ளங்காலும் அரித்தது. மறுநாள் காது மடலும் பின்கழுத்தும் சிவந்தன. மூன்றாம் நாள் மார்பில் பொடிப்பொடியாகத் தடித்தது. பார்க்க வந்த சித்தி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"கரண்டு வச்ச சூடுத்தா. உள்ள எறங்குன சூடு இப்பத்தே வெளிய வருது. வரட்டும், நல்லதுதே."

கணவர் ஆமாம் என்றார். எதிர்வீட்டுக்காரரும் ஆமாம் என்றார். இருபது வருடமாக வெப்பவியல் நடத்துகிற நானும் ஆமாம் என்றேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் லட்சணம் இது. உடம்பு சூடு, கண் சூடு, வயிற்றுச் சூடு என்று கேட்டே வளர்ந்த காது, அந்தச் சொல் வந்ததும் யோசிப்பதை நிறுத்திவிட்டது. வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். இளநீர் கொடுத்தார்கள். இளவெயில் படட்டும் என்று மாடியில் உட்காரவைத்தார்கள். வெயில் இந்த நோயைக் கிளறிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. சூட்டைத் தணிக்க வெயிலில் உட்கார்ந்தோம் என்ற முரண்கூட ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஆறாம் நாள் கணவர் மருத்துவமனைக்குப் போன் போட்டார். போடவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் வைத்துத்தான் பேசினார். நர்ஸ் மலையாளத்தில் முதலில் கேட்டது, "பனி உண்டோ?"

பனி என்றால் அங்கே காய்ச்சல். இதில் ஏமாறுகிற ஆள் எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது. கணவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, இல்லை என்றார். பிறகு என்ன தொந்தரவு என்று நர்ஸ் கேட்டார். சூட்டுக் கொப்பளம் என்பதை அவர் தமக்குத் தெரிந்த தோட்டத்து மலையாளத்தில் மாற்றி, "சூடுகுரு" என்றார்.

சூடுகுரு என்றால் மலையாளத்தில் வேர்க்குரு. வெயில் காலத்தில் குழந்தை முதுகில் வருகிற அதே வேர்க்குரு. இது எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்த நர்ஸுக்குக் கம்பத்துச் சூடு தெரியாது. சூடுகுரு என்றால் பயப்பட வேண்டாம், பருத்தித் துணி போடுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்றார். வயிற்றுப்போக்கு உண்டா என்றும் கேட்டார்.

"வயித்தால போகுதான்னு கேக்குறாக," என்று கணவர் என் பக்கம் திரும்பினார்.

அன்று காலையிலிருந்து ஐந்து முறை போயிருந்தது. பச்சைத் தண்ணீராக. நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். இருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கே காரில் குமுளி மலை ஏறி, நான்கரை மணி நேரம் வளைவு வளைவாகப் போக வேண்டும். அந்த வயிற்றோடு வழியில் எங்கே இறங்குவது? அந்தக் கூச்சத்துக்காகப் பொய் சொன்னேன். கணவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னார், நான் இருந்ததை இல்லை என்றேன். எது பெரிய தப்பு என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

எழுபத்து நான்காம் நாள் உள்ளங்கைத் தோல் கொப்பளித்து உரிந்தது. எழுந்து நின்றால் கண் இருட்டியது. அன்றைக்குத்தான் மலை ஏறினோம். ஐந்து இடத்தில் காரை நிறுத்தினோம். எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அதை வட்டியும் முதலுமாக அனுபவித்தேன்.

டாக்டர் மதுரையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். என் கையைப் புரட்டிப் பார்த்தார். காதைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பதினோரு நாளாச்சு டாக்டர். கரண்டு வச்ச சூடுன்னு..." என்றார் கணவர்.

"கதிர்வீச்சோட புண்ணு முதல் சில வாரத்துலயே ஆறிடும். அறுபது நாள் கழிச்சுப் புதுசா வராது. உள்ளங்கை, உள்ளங்கால், காது. இந்த மூணுல வந்தா உடனே வரணும்னு கையேட்டுல எழுதியிருந்தோமே?"

எழுதியிருந்தது. தமிழிலேயே எழுதியிருந்தது. அந்தக் கையேட்டை நான் ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தேன். அரிப்பு என்று அதில் இருந்தது. எனக்கு வந்தது சூடு. அதனால் நான் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

தோல் பயாப்ஸி (தோலில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். மறுநாள் முடிவு வந்தது. ஜிவிஹெச்டி (ஏற்றப்பட்ட அணுக்கள் ஏற்றுக்கொண்ட உடம்பைத் தாக்கும் நோய்). தோலிலும் குடலிலும்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஏற்றிய ரத்தத்தில் டி-செல் (அந்நியமானதை அடையாளம் கண்டு கொல்கிற வெள்ளணு) இருக்கிறது. அது தம்பியின் உடம்பில் வளர்ந்தது. அதற்கு என் உடம்பு அந்நிய வீடு. யாரும் சீண்டாமல் இருந்திருந்தால் அதுவும் சும்மா இருந்திருக்கும். ஆனால் கதிர்வீச்சு என் குடலின் உட்தோலையும் வெளித்தோலையும் காயப்படுத்தியிருக்கிறது. காயப்பட்ட திசுக்கள் அபாயம் என்று ரசாயனக் குரல் எழுப்பும். அதைக் கேட்டுத்தான் இவை விழித்துக்கொண்டு, கண்ணில் பட்ட என் அணுக்களையெல்லாம் எதிரி என்று நினைத்து அடிக்கின்றன.

"அப்ப கரண்டுதானே காரணம்?" என்று கணவர் கேட்டார். விட்டுக்கொடுக்க மனமில்லை அவருக்கு.

"பாதி சரி," என்றார் டாக்டர். "தூண்டிவிட்டது அது. அடிக்கிறது அது இல்லை."

அந்தப் பாதி சரி என்னை இன்றுவரை உறுத்துகிறது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் அந்தச் சொல்லை அன்றே தூக்கி எறிந்திருப்பேன். என் மாணவர்களுக்கு ஆய்வுக்கூட நோட்டில் எப்படி எழுதச் சொல்கிறேன்? நோக்கம், செய்முறை, காட்சிப்பதிவு, அதற்கப்புறம்தான் முடிவு. காட்சிப்பதிவை விட்டுவிட்டு முடிவை எழுதினால் சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுப்பேன். என் உடம்பில் நானே முடிவை முதலில் எழுதினேன். ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்ததற்குப் பெயர் வைக்காதீர்கள். எந்த இடத்தில், என்ன நிறத்தில், எத்தனை முறை என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் வைக்கிற வேலைக்கு ஆள் இருக்கிறார்கள்.

ஸ்டீராய்டு (எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மருந்து) பெரிய அளவில் ஏற்றினார்கள். முப்பத்தெட்டு நாள் அங்கேயே கிடந்தேன். முகம் பூசணிக்காயாக ஊதியது. சர்க்கரை ஏறியது. தொடையில் பலம் போய், கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டியிருந்தது. மருந்தைக் குறைத்தால் தடிப்பு திரும்பும். கூட்டினால் எங்கிருந்தாவது கிருமி தொற்றும். குறைத்தார்கள், கூட்டினார்கள், மறுபடி குறைத்தார்கள். மருந்தே பாதிக் கோபத்தைக் கொடுக்கும் என்று டாக்டர் சொன்னார். மீதிப் பாதி என் சொந்தக் கோபம் என்றேன்.

இதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. "தம்பி ரத்தம் அக்காவ அடிக்குதாம்." டீக்கடையில் இதற்கு ஆளுக்கொரு விளக்கம். அக்கா தம்பிக்குள் பழைய மனத்தாங்கல் இருக்கும் என்றார் ஒருவர். பங்காளிச் சண்டை ரத்தத்திலேயே ஊறினது என்றார் இன்னொருவர். போனில் என்னிடமே கேட்டார்கள். முழுப் பொருத்தம் என்றாலும் நாங்கள் அச்சில் வார்த்த இரட்டையர் இல்லையே, அவன் ஆண், நான் பெண், நூறு சின்ன வித்தியாசம் இருக்கும் என்று நான் விளக்கினால், "என்னமோ, அவென் மனசுல எதுவும் வைக்காம இருந்தாச் சரி," என்று முடித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. எறியக் கையில் பலமில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு பாண்டி வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். திராட்சைப் பழத்தை மட்டும் ஆள் மூலம் கொடுத்துவிட்டான். நான் அதைச் சாப்பிடக்கூடாது என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கிருமிக்குப் பயந்து, வேகவைக்காத பழம் எதுவும் அப்போது எனக்குத் தடை.

நோய் குடலை விட்டது. ஆனால் வேறு உருவத்தில் தங்கிவிட்டது. வாய் காய்ந்து, காரம் பட்டால் தீயாக எரிந்தது. கண்ணீர் சுரக்கவில்லை. சொட்டு மருந்து விட்டால்தான் இமை மூட முடிந்தது. விரல் தோல் இறுகி, சாக்பீஸ் பிடித்தால் நழுவியது. இதை முழுவதும் நிறுத்த வழியே இல்லையா என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன்.

"முழுசா அடக்க முடியும். அடக்கினா, ஒளிஞ்சிருக்கிற பழைய புற்றணுவை யார் அடிப்பாங்க? இப்ப உங்க தம்பியோட செல்தான் அதையும் அடிக்குது. ரெண்டும் ஒரே கை."

வேலியே பயிரை மேய்கிறது, ஆனால் வேலியைப் பிடுங்கினால் ஆடு மாடு எல்லாம் உள்ளே வந்துவிடும். இதற்கு என்ன செய்வது? திரும்பும் வழியில் கணவரிடம் காரைச் சுருளிப் பக்கம் விடச் சொன்னேன். மண், பூஞ்சை எதுவும் ஆகாது, தோட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. முகக்கவசத்தோடு, குடையோடு, சாலையிலேயே நின்று கூப்பிட்டேன்.

"ஏலே பாண்டி. இங்கன வா."

பந்தலுக்குக் கீழிருந்து குனிந்தபடி வந்தான். பத்தடி தள்ளியே நின்றான்.

"ஏன்டா வீட்டுக்கு வரல?"

"என்னன்னு வரச் சொல்ற? நா குடுத்ததுதான உன்னய அரிக்குது. ஊரே சொல்லுது."

"ஊரு சொல்றத நீயும் கேட்டியா? நீ என்ன, எண்ணி எண்ணியா அனுப்பி வச்ச, போய் எங்க அக்காவக் கடின்னு?"

பந்தல் பக்கம் கையைக் காட்டினான். பிறகு, "கொடியில ஒட்டுக் கட்டுனா, வேரு ஏத்துக்கிருச்சான்னுதேக்கா பாப்போம். ஒட்டு வேரத் திங்குறத நா இப்பத்தே கேள்விப்படுறேன்," என்றான்.

டாக்டர் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். அவன் அணுதான் என்னைப் புண்ணாக்குகிறது, அவன் அணுதான் நோய் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறது, நிறுத்தவும் முடியாது என்று.

"அப்ப அடிச்சுக்கிட்டே இருக்கட்டுமா?"

"கொஞ்சமா அடிக்கட்டும். நீ வீட்டுக்கு வா."

எனக்கு அழ வேண்டும் போலிருந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. கண்ணில் மணல் போட்ட மாதிரி எரிச்சல் மட்டும் மிஞ்சியது. கைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொண்டேன். அவன் அதைக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை.

கடைசியாக ஒன்று. மஜ்ஜையை அழித்தபோது, சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் அதோடு அழிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். மற்ற ஊசிகளை மருத்துவமனையில் போட்டுவிட்டு, போலியோ ஊசியை மட்டும் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்று கடிதம் கொடுத்தார்கள். கணவர் தோட்டத்துக்குப் போயிருந்ததால் பாண்டி கூட்டிப்போனான்.

புதன்கிழமை. வரிசை முழுக்கக் கைக்குழந்தைகள். நடுவில் குடையும் முகக்கவசமுமாக நான். நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமல், "பிள்ளைய எங்கன?" என்றார்.

"நாந்தான் பிள்ளை," என்றேன்.

கடிதத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். உள்ளே போய் மருத்துவரிடம் கேட்டு வந்தார். போடலாம் என்றார்கள். ஆனால் கம்ப்யூட்டர் விடவில்லை. நாற்பத்து நான்கு என்று அடித்தால் சிவப்பாகக் காட்டியது. முக்கால் மணி நேரம் நின்றேன். தொடை நடுங்கியது. ரத்த வகை கேட்டார். ஓ பாசிட்டிவ் என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பிறகு திருத்திச் சொன்னேன். பி பாசிட்டிவ். அது பாண்டியின் வகை. இப்போது எனக்குள் ஓடுவது அதுதான்.

"வயச எடுக்க மாட்டேங்குது டீச்சர். நோட்டுல எழுதிக்கிறேன். பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்றார் நர்ஸ், பழக்க தோஷத்தில்.

பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். "பதினாலு."

"அம்மா பேரு?"

அந்தக் கேள்வியும் பழக்க தோஷம்தான். எரிந்து விழ நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்றிருந்த பாண்டி, "எம் பேரப் போட்டுக்கங்க. தங்கப்பாண்டி," என்றான்.

வரிசையில் இருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தார். நானும் சிரித்தேன். காய்ந்த உதடு நடுவில் வெடித்து ரத்தம் எட்டிப் பார்த்தது. முகக்கவசத்தை இறக்கி, மேசையில் இருந்த பஞ்சால் எரிச்சலோடு துடைத்தேன். பஞ்சில் பட்டது அவன் ரத்தம்.

இடது கையில் ஊசி போட்டார்கள். முன்னால் இருந்த குழந்தை வீறிட்டு அழுதது, அதற்குக் கண்ணீர் தாரைதாரையாக வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அடுத்த தவணை எப்போது என்று நர்ஸ் அட்டையில் எழுதிக் கொடுத்தார். நடக்கப் பழகுகிற வயது எனக்கு. படியில் இறங்கும்போது பாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.